கம்மலாகிப்போன கல்யாணப் புடவை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ். புவனகிரி தாண்டியதும் முன் சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்த செல்போனை அணைத்துவிட்டேன்.

“உங்க கல்யாணப் புடவைய இப்ப இருபது பேரு காதுல மாட்டியிருக்காங்க அண்ணி.”

சொன்னவள் நாத்தனார். மடியில் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கம்மல்கள். மூடியில் ‘பழையதற்கு மறுவாழ்வு’ என்று ஒரு ஸ்டிக்கர். அந்தப் புடவை மறுவாழ்வு கேட்டதா என்று அதில் போடவில்லை.

“மடிப்பு மாத்தி வைக்கிறேன்னுதானடி வாங்கிட்டுப் போன?”

“பிரிச்சுப் பாத்தேன், ஜரிகை சூப்பரா இருந்துச்சு. கல்யாணப் பத்திரிகை அட்டைய வட்டமா வெட்டி, மேல பட்டுத்துணிய ஒட்டிட்டேன். பத்திரிகையும் உங்களதுதான்.”

“யாரக் கேட்டு வெட்டுன?”

“பத்து வருஷமா பீரோவுல சும்மாதான அண்ணி கெடந்துச்சு?”

“உங்க அண்ணனுந்தான் பத்து வருஷமா வீட்ல சும்மா கெடக்கறாரு. அவரையும் வெட்டி ஒட்ட வேண்டியதுதான?”

“கோவப்படாதீங்க. உங்களுக்கும் ஒரு ஜோடி எடுத்து வச்சிருக்கேன். நம்ம வீட்டு ஆளுங்கறதால பாதி வெலதான்.”

அண்ணி அந்தக் கம்மலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உன் கல்யாணப் பட்டு எங்கடி இருக்கு?”

“என் பீரோவுலதான். அது ஞாபகார்த்தம் இல்லையா? அதுல போயி யாராச்சும் கத்தரிய வைப்பாங்களா?”

அண்ணி நிதானமாகக் கம்மலைக் காதில் மாட்டிக்கொண்டார்.

“சிதம்பரத்துல எறங்குனதும் நேரா உன் வீட்டுக்குத்தான் வரேன். அந்தப் புடவைக்கும் மடிப்பு மாத்தி வைக்கணும்ல?”