தகரத் தட்டால தோண்டின குழி

படிச்ச வரைக்கும் நல்லாத்தான் இருக்கு மெட்டா. அந்தப் பாப்பா, ஒங்கக்கா, செத்துப்போன பக்கத்த மட்டும் இன்னொரு தடவ படி. இல்லம்மா, காதெல்லாம் நல்லாக் கேக்குது. சும்மா இன்னொரு தடவ கேக்கணும்போல இருக்கு.

ம்... ஒம்போது வயசு. காய்ச்சல். ப்ளாட் ஆத்தங்கரை. அப்பாவே தகரத் தட்டால குழி தோண்டி, தன்னோட கோட்டக் கழட்டிப் போத்திப் பொதச்சாரு. அழகா எழுதியிருக்க. ஒனக்கு எழுத்து வரும்னு சின்னதுலயே தெரியும் எனக்கு. மாவு பிசையற பலகையில வெரலால எதையாவது கிறுக்கிட்டே இருப்ப.

காப்பி ஆறுது, குடி. காப்பி குடிக்கறது பாவம்னு பிஷப்பு சொன்னாரா? அட போம்மா. அவரு வீட்டுல காப்பிக்கொட்ட வறுக்கற வாசன தெரு முனை வரைக்கும் வருது. டென்மார்க்லேருந்து வந்த நாம காப்பிய விட்டாத்தான் சொர்க்கம்னா, சொர்க்கத்துல பாதி எடம் காலியாத்தான் கெடக்கும்.

என்ன கேட்ட? ஆமா, ஒங்க வீட்டுல நான் வேலைக்கு நின்னது ரெண்டு வருஷம். நான் வந்தப்போ ஒனக்கு ஆறு வயசு. அப்புறம் ஆண்டர்ஸக் கட்டிக்கிட்டு, அவரு ஆட்டு மந்தையோட இந்தப் பக்கம் வந்துட்டேன். அதத்தான் குடும்பப் புஸ்தகத்துல போடணுங்கறியா? விசுவாசமான வேலைக்காரி ஹேட்டி, நொண்டிக் காலோட துணி தொவச்சான்னு? போட்டுக்க. அது பொய்யில்லையே.

பாப்பாவுக்கு நினைவுக் கல்லு எப்ப நடறாங்க? வர்ற ஜூலை இருபத்திநாலா? சரிதான். சாமான கைவண்டியில ஏத்தி இழுத்துக்கிட்டு நம்ம சபைக் கூட்டம் வந்து அம்பது வருஷம் ஆயிருச்சுல்ல. கல்லுல என்ன வெட்டறாங்க? மெட்டா ஸ்கோவ், சீயோனுக்கு வர்ற வழியில உறங்கியவள். ம். நல்ல வாசகம். ஒனக்கும் அவ பேரத்தான வெச்சாங்க.

ஒங்கப்பாவப் பத்தி நாலு வார்த்த சொல்லத்தான கேட்ட. சொல்றேன். ஆனா நீ அந்தப் பேனாவக் கீழ வெய்யி. எழுதிட்டே கேட்டா எனக்கு வராது.

ஒரு வண்டிய ரெண்டு பெரியவங்க இழுத்தாத்தான் நகரும். ஒங்கப்பாவோட மொதப் பொண்டாட்டி டென்மார்க்லயே போய்ச் சேந்துட்டா. ஒங்கம்மா டோர்த்தியா கப்பல்ல புருஷனப் பறிகொடுத்தவ. கூட்டத் தலைவரு ரெண்டு பேரையும் ஒரே வண்டியில சேத்துவிட்டாரு. தப்பாச் சொல்லல, அந்தக் காலத்துல அப்படித்தான். பாப்பா பின்னாலேருந்து தள்ளிக்கிட்டே வருவா. வழியெல்லாம் அடுப்புக்குக் காட்டெருமை வரட்டி பொறுக்கிப் பாவாட மடியில கட்டிக்கிட்டு வருவா. ஒரு நாளைக்கு நூத்தம்பது கெஜம் தள்ளினாலும் அதுக்கு ஒரு பெருமை, நான்தான் வண்டிய ஓட்டறேன்னு.

காய்ச்சலெல்லாம் ஒண்ணும் இல்ல பாப்பாவுக்கு. ஒரு ஓடை எறக்கத்துல வண்டி வழுக்கிக்கிட்டு வந்து சக்கரம் வலது பாதத்து மேல ஏறிருச்சு. எலும்பு ரெண்டு எடத்துல போச்சு. நாலு நாளு மாவு மூட்ட மேல ஒக்காத்தி வெச்சு இழுத்தாரு. மூச்சு வாங்கும், முகமெல்லாம் செவந்து போவும், இருந்தும் பாட்டு பாடிக்கிட்டே இழுத்தாரு. அஞ்சாம் நாளு ஒங்கம்மாவுக்கு ரத்தபேதி. நிக்கவே முடியல அவளால. வண்டியில ஒரு ஆளுக்குத்தான் எடம்.

யாரு சொன்னாங்களா? இரும்மா, சொல்லிக்கிட்டுத்தான வர்றேன்.

ஆத்தங்கரையில ஒரு கொல்லன் பட்டற. போற வர்ற வண்டிச் சக்கரத்துக்கெல்லாம் இரும்புப் பட்டை கட்டிக் குடுக்கறவன், புள்ள இல்லாதவன். அவன் வீட்டு பெஞ்சுல கொண்டாந்து ஒக்கார வெச்சாரு. கால் கூடட்டும், வர்ற வசந்தத்துல கூட்டம் வரும்போது ஆளனுப்பறேன்னாரு. சரின்னு தலையாட்டுச்சு புள்ள. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தாரு. முத்தம் குடுக்கத்தான் வர்றாருன்னு நான் கன்னத்தக் காட்டுனேன். போர்வைய எடுத்துக்கறேம்மா, டோர்த்தியாவுக்கு நடுங்குதுன்னு எங்கப்பா போர்வைய உருவிக்கிட்டுப் போயிட்டாரு.

ஆமா. எங்கப்பான்னுதான் சொன்னேன். ஒனக்குக் காதுல சரியாத்தான் விழுந்துது.

ஒக்காரு. ஒக்காரு மெட்டா, எந்திரிக்காத. பாரு, காப்பியெல்லாம் சிந்திட்ட. இந்தா, தொடச்சுக்க. என்னா பாக்கற? முகத்தயா? முகத்துல ஒண்ணும் கெடைக்காது. நான் எங்கம்மா சாடை, நீ ஒங்கம்மா சாடை.

என்ன அங்க விட்டுட்டுப் போனாரு பாரு, அதுக்கு நான் ஒரு நாளும் கோவப்பட்டதில்ல. ஒரு வண்டி, ரெண்டு நோயாளி. யாரா இருந்தாலும் ஒருத்தர எறக்கித்தான் ஆகணும். வசந்தம் வந்துச்சு. பட்டறை வாசல்ல நின்னு வர்ற வண்டி ஒவ்வொண்ணையும் கேட்டேன், லாவ்ரிட்ஸ் ஸ்கோவ் சொல்லிவிட்டாரான்னு. அடுத்த வசந்தமும் கேட்டேன். கொல்லன் பொண்டாட்டி ரோடா நல்லவ. தன் தங்கச்சி பேர எனக்கு வெச்சு ஹேட்டி ஹேட்டின்னு கூப்ட்டா. நாலாம் வருஷம் நான் கேக்கறத நிறுத்திட்டேன். வழியில செத்துட்டாருன்னு முடிவு பண்ணி அவருக்காக அழுதும் முடிச்சுட்டேன்.

பதினேழு வயசுல சீயோன்னு இவங்க சொல்ற இந்தப் பள்ளத்தாக்குக்குப் போற ஒரு கூட்டம் வந்துச்சு. அதுல ஒருத்தன், ஸ்கோவா, சான்பீட்ல கோதும போடறாரே அவரான்னான். சமையலுக்கு ஆளா வர்றேன்னு அவங்களோட ஒட்டிக்கிட்டேன். இந்தக் காலோடதான், நடந்துதான் வந்தேன்.

கதவத் தொறந்தது ஒங்கம்மா. மொதல்ல முகத்தப் பாத்தா. அப்புறம் கீழ காலப் பாத்தா. பாத்துக்கிட்டே, மெட்டா, உள்ள போன்னா.

என்னயத்தான் சொல்றான்னு நெனச்சு ஒரு கால் எடுத்து உள்ள வெச்சேன்.

அவ பின்னாலேருந்து நீ உள்ள ஓடுன. கையெல்லாம் மாவு.

அழாத. நீ என்ன பண்ணுவ, ஆறு வயசுப் புள்ள. எம் பேர ஒனக்கு வெச்சது நீயா?

அப்பா வயல்லேருந்து வந்தாரு. என்னப் பாத்தாரு. வாசல்ல தொட்டித் தண்ணில கை கழுவுனாரு, கழுவுனாரு, கழுவிக்கிட்டே நின்னாரு. சாயங்காலம் மாட்டுக்கொட்டாய்க்கு வரச் சொன்னாரு. அங்க வெச்சு அழுதாரு, அதச் சொல்லணும். என்ன விட்டுட்டு வந்த அன்னிக்கு ராத்திரி, பின்தங்குன வண்டி கூட்டத்த எட்டுனதும் புள்ள எங்கன்னு கேட்டாங்களாம். விட்டுட்டு வந்துட்டேன்னு சொல்ல வாய் வரலயாம், செத்துட்டான்னு வந்துருச்சாம். ஒடனே எல்லாரும் அழுது, ஜெபம் பண்ணி, ஆளாளுக்குத் தங்களோட ரொட்டியில பிச்சுக் குடுத்தாங்களாம். அதத் தின்னுட்டு அப்புறம் எப்படிம்மா மாத்திச் சொல்றதுன்னாரு. சரிப்பா, இப்ப சொல்லுங்க, வந்துட்டேன்லன்னேன். எம்மூஞ்சியப் பாக்காமலே சொன்னாரு, ஒன்னப் பொதச்சுட்டேன்மா, எட்டு வருஷமாச்சு, இப்ப எப்படித் தோண்டறதுன்னு.

மறுநாள் காலையில ஒங்கம்மா துணி தொவைக்கிற கட்டைய எங் கையில குடுத்தா.

ஏன் இருந்தேன்னா கேக்கற? எங்க போவேன்? அதுவும் இல்லாம, இன்னிக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு ஒரு நெனப்பு. பதினேழு வயசு. அப்பா சாப்புடற தட்ட எடுத்துக் கழுவறதே போதும்போல இருந்துச்சு கொஞ்ச நாளு.

ஒங்கம்மாவுக்குத் தெரியாதுன்னு மட்டும் நெனச்சுராத. தொவைக்கிற எடத்துல ஒரு நா அவளே வாயத் தொறந்தா. அந்தப் போர்வை எம்மேல விழுந்தப்பவே தெரியும்டி, செத்த புள்ளயப் போர்வையோடதான பொதைப்பாங்கன்னா. அப்ப ஏன் கேக்கலன்னேன். கேட்டா நான் எறங்கி நடக்கணும்லன்னா. துணியப் பிழிஞ்சுக்கிட்டே சொன்னா. அவளயாவது எனக்குப் புரிஞ்சுது.

வருஷா வருஷம் ஜூலை இருபத்திநாலு வரும், மொதக் கூட்டம் பள்ளத்தாக்குல எறங்குன நாளு. பேண்டு, கொடி, தட்டுத் தட்டாப் பழ ரொட்டி சுட்டு அடுக்கின மேசை. சபைக் கூடத்துல அப்பா எந்திரிச்சு நின்னு தகரத் தட்டு கதைய ஆரம்பிப்பாரு. ஒரு வருஷம் குழி மரத்தடியில இருக்கும், மறு வருஷம் பாறைக்குப் பக்கத்துல போயிரும். கூட்டமே தேம்பும். நான் கடைசி பெஞ்சுல ஒக்காந்து கேப்பேன். இதுல வேடிக்க என்னன்னா, நானும் அழுவேன். அந்தப் பாப்பாவ நெனச்சா அவ்வளவு பாவமா இருக்கும். நல்லாச் சொல்லுவாரு மனுசன். ஒனக்கு எழுத்து எங்கேருந்து வந்துச்சுன்னு நெனக்கற?

ஆண்டர்ஸ்கிட்டயா? இல்ல, அவரு சாகற வரைக்கும் சொல்லல. சொல்லியிருந்தா துப்பாக்கியத் தூக்கிக்கிட்டுப் போயிருப்பாரு.

அதெல்லாங்கூடப் பொறுத்துக்கிட்டேன். ஒங்கம்மா போனப்புறம் மான்டி மலை மேல கோயிலு தொறந்தாங்களே, அந்த வருஷம். சபையில சேராமச் செத்தவங்களுக்காக நாம தண்ணில முங்கி எந்திரிச்சா அவங்களுக்குக் கதவு தொறக்கும்னு, ஊரே வண்டி கட்டிக்கிட்டுப் போச்சு. அப்பா ஒன்னக் கூட்டிக்கிட்டுப் போனாரு. வழியில எங்க வீட்டு முன்னாலதான் குதிரைக்குத் தண்ணி காட்டுனீங்க. நான்தான் வாளியத் தூக்கிட்டு வந்தேன். எங்க போறீங்கன்னு கேட்டேன். நீ எவ்வளவு சந்தோஷமாச் சொன்ன தெரியுமா, எங்கக்காவுக்காக முங்கப் போறேன் ஹேட்டி, அப்பா ரொம்ப நாளா ஆசப்பட்டாருன்னு. அவரு லகானப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தாரு. நான் வாளியப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன், ரெண்டடி தூரத்துல. ஒரு வார்த்த... இல்ல. குதிர குடிச்சு முடிச்சுச்சு, போயிட்டீங்க.

வாய்தவறிச் சொன்ன பொய்யி வேற மெட்டா. அன்னிக்கு அவரு வாயே தவறல. கடவுள் வீட்டுல போயி, எம் பேரச் சொல்லி, செத்துட்டான்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்தாரு. எங் கையால குதிரைக்குத் தண்ணி வாங்கிக்கிட்டு.

கல்லயா? நிறுத்தாத. நட்டுட்டுப் போகட்டும். அம்பது வருஷமா எல்லாரும் அழுத அழுகைய எங்க கொண்டுபோய் வெக்கறது? புஸ்தகத்தயும் மாத்த வேணாம். நீ பாட்டுக்கு எழுதுன. ஒனக்குச் சொன்னதத்தான எழுதுன.

ஒன்ன வரச் சொன்னது அதுக்கில்ல. கடைசிப் பக்கத்துல, அப்பா மன்னிப்பு வாங்கிக்கிட்டு நிம்மதியாப் போனாருன்னு எழுதியிருக்க பாரு, அது ஒண்ணுதான் எனக்கு ஒறுத்துது. அவரு சாகக் கெடந்தப்போ என்ன ஒத்தாசைக்குக் கூப்ட்டுவிட்ட, நான் வந்து ஒம்போது நாள் இருந்தேன்ல. கடைசி நாளு மத்தியானம் மெட்டான்னு கூப்ட்டாரு. நான் கதவுகிட்ட தண்ணிக் கிண்ணத்தோட நிக்கறேன். நீ அடுப்படியிலேருந்து என்னத் தாண்டி ஓடிப்போயி மண்டி போட்டு அவரு கையப் புடிச்சுக்கிட்ட. ஒங் கைதான் அவரு கையில இருந்துச்சு, கண்ணு ஒன் தோளுக்கு மேல எம்மேல இருந்துச்சு. என்ன மன்னிச்சுரு மெட்டான்னாரு. நீ ஒடனே, மன்னிக்க என்னப்பா இருக்கு, எல்லாம் மன்னிச்சாச்சு, நிம்மதியாப் போங்கன்னுட்ட. அவரும் கண்ண மூடிட்டாரு.

அவரு கேட்டது என்னய. நான் வாயே தொறக்கலம்மா. தொறந்திருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு இன்னிக்கும் தெரியல, ஆனா மன்னிச்சாச்சுன்னு சொல்லியிருக்க மாட்டேன்.