இரண்டாவது சக்தி

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, வழக்கம்போல, எங்கள் அலுவலகத்தில் டீ வந்தது. எல்லோரும் எழுந்து போனார்கள். நான் டீ குடிப்பதில்லை. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

நீங்கள் கேட்டதால் என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் சேர்த்துவைத்து, எதிரெதிராக உட்கார்ந்து ஆடும் மிருகக் கார்டுகளை நாங்கள் தயாரிக்கிறோம். கார்டின் மேல்பாதியில் மிருகத்தின் படம். கீழே அதன் சக்தி, நான்கே வரியில். அந்த நான்கு வரி என்னுடையது. பதினொரு வருடமாக எழுதுகிறேன். எந்தத் தலை கடிப்பது என்று தலைகள் சண்டை போட்டு முடிக்கும்வரை மூன்று தலைப் பல்லி தாக்க முடியாது. அது நான் எழுதியது. சிரிக்கலாம், தவறில்லை.

படம் வரைபவள் வேறொருத்தி. என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். நல்ல பெண். பிள்ளைகள் எழுதும் கடிதமெல்லாம் அவளுக்கே வரும். எனக்கு ஒன்றே ஒன்று வந்தது. கீழே இருக்கும் எழுத்தைச் சின்னதாக்கினால் படம் இன்னும் பெரிதாக வருமே என்று ஒரு சிறுமி யோசனை சொல்லியிருந்தாள். மரியாதையாகப் பதில் போட்டேன்.

அதுவல்ல காரணம். அது அற்ப விஷயம்.

ஒருநாள் அவள் ஒரு பனி நரியை வரைந்து, அதன் சக்தியையும் தானே எழுதிக்கொண்டு வந்தாள். முதலாளி வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னய்யா, இந்தப் பொண்ணு உன்னையே தூக்கிச் சாப்பிட்டுடும் போலிருக்கே."

"சும்மா விளையாட்டுக்கு எழுதினேன் அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள்.

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒரு மிருகத்துக்கு ஒரு சக்தி. இரண்டாவது வேண்டுமென்றால் முதலாவதை இழக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிரில் இருப்பவன் ஆடுவதில் அர்த்தமே இல்லை. எனக்கு அவள்மேல் ஒரு பகையும் கிடையாது.

அவள் மேசையில் கண் சொட்டு மருந்துக் குப்பி இருக்கும். நாளெல்லாம் திரையைப் பார்ப்பதால் கண் காய்ந்துபோகிறதாம். கார்டு மாதிரிகளை அச்சடிக்கும் எந்திரத்தைத் துடைக்கும் திரவமும் பார்வைக்குத் தண்ணீர் மாதிரிதான். அந்தச் செவ்வாய்க்கிழமை எல்லோரும் டீக்குப் போயிருந்தபோது மாற்றி நிரப்ப இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மூடியைத் துடைத்துத்தான் வைத்தேன். எனக்கு எதிலும் சுத்தம் வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடியவனும் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணும் போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோது, கொஞ்சம் அதிகமோ என்று பட்டது. பிறகு, விதியில் பாதி என்று எங்கும் இல்லையே என்று தேற்றிக்கொண்டேன்.

இன்று உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தது அதற்காக அல்ல. எனக்கு நடந்த அநியாயத்தைச் சொல்ல. முதலாளி புதிதாக ஓர் ஓவியரைச் சேர்த்துவிட்டார். கண்தானே போச்சு, மூளைக்கு என்ன குறை என்று சக்தி எழுதும் வேலையை அவளுக்குக் கொடுத்துவிட்டார். அவள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்ய வேண்டுமாம். அவளிடம் ஒரு சக்தியை நான் விட்டுவைத்தேன். அந்தப் பெருந்தன்மைக்குக் கிடைத்த கூலி இது.

இன்று காலை பக்கத்தில் உட்கார்ந்து புது மிருகம் ஒன்று சொன்னாள். சத்தமில்லாமல் வந்து, எதிராளியின் பார்வையை எடுத்துக்கொண்டு போய்விடுமாம். தட்டச்சு செய்தேன். அவ்வளவு வலுவான மிருகம் பதிலுக்கு எதையாவது இழக்க வேண்டுமே என்று நினைவுபடுத்தினேன். விதி விதிதான்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஆமா அண்ணா. அதுகிட்டேருந்து எதை எடுக்கலாம், நீங்களே சொல்லுங்க."