முதுகால் பார்த்த படம்

போர்டு படிக்கத் தெரியாததால், கண்டக்டரைக் கேட்டுத்தான் தாம்பரத்தில் செம்பாக்கம் பஸ் ஏறினேன். முழங்கால் மாத்திரை வாங்க வந்தவள், அதை விடுங்கள். முன் சீட்டில் இரண்டு காலேஜ் பெண்கள்.

"எங்கம்மா படத்த முதுகாலதான்டி பாப்பாங்க," என்றாள் ஜன்னலோரத்துப் பெண்.

"என்னடி உளர்ற?"

"சினிமா பாடத்துக்கு ஒரு படத்தப் பத்தி எழுதச் சொன்னப்ப, நான் வெறும் கதைய எழுதிக் குடுத்தேன்ல? 'கதை எனக்கே தெரியும், நீ என்ன கவனிச்ச?'ன்னு மேம் திருப்பிக் குடுத்துட்டாங்க. மறுபடி எழுதலன்னா ஃபெயில். அழுதுகிட்டே அதே படத்தப் போட்டேன். அம்மா அடுப்பப் பாத்து சப்பாத்தி சுட்டுட்டு இருந்தாங்க. திரும்பாமலே, 'ஹீரோ பொய் சொல்றான்டி. படத்துல ஓடுற ஃபேன் சத்தம் நின்னுடுச்சு பாரு'ன்னாங்க."

"நின்னுச்சா?"

"அவன் பொய் சொல்ற எல்லா எடத்துலயும் நிக்குதுடி! பத்து தடவ பாத்த எனக்குத் தெரியல. அதையே எழுதினேன். பாஸ்!"

"அம்மாவுக்கு தேங்க்ஸ் சொன்னியா, எரும?"

"கடைசிப் பக்கத்துல நன்றின்னு அம்மா பேரப் போட்டேன். படிச்சுக் காட்டினா, 'நான் எங்க படம் பாத்தேன், சப்பாத்திதான சுட்டேன்'னு திட்டினாங்க."

"அவ்ளோதானா?"

"அப்புறம் அடுப்ப அணைச்சிட்டு, என் பக்கம் திரும்பி உக்காந்து, 'எங்க, இன்னொரு தடவ படி'ன்னாங்க."