ஆளில்லாத கொட்டகை

சாயங்காலம் அஞ்சே முக்கால் இருக்குமுங்க. ஜெகதளா தாண்டி உள்ள போற எஸ்டேட் ரோடு… மிஸ்ட் இறங்கிருச்சு. ஒரு வண்டி கிடையாது. நம்ம விஜயனோட மச்சான் அஸ்வந்த் மட்டும், கேமராவும் கையுமா நடந்து போறான்.

அவனுக்கு அது ஒரு கிறுக்கு. மூடிப்போன கடை, பூட்டுன தியேட்டர், பாழாப்போன பெட்ரோல் பங்க்… ஆள் ஒருத்தர் இல்லாம படம் புடிச்சுப் போன்ல போடுவான். லைக் கொட்டும். அன்னிக்கு ஒரு டீ ஃபேக்டரி. மூடி எட்டு வருசம்.

முன்னாடி இலை எடை போடற கொட்டகை. தகரம் டக்… டக்குன்னு அடிச்சுக்குது. கப்புன்னு பச்சை இலை வாசம். கேமராவைத் தூக்குனா… தராசுகிட்ட ஒரு அம்மா. முதுகுல நனைஞ்ச இலைப் பை.

"தள்ளி நில்லுங்கம்மா"ன்னான்.

அந்தம்மா முகம் செத்துப்போச்சாம். "நல்ல இலைங்க சாமி. ஒருக்கா பாத்துட்டுச் சொல்லுங்க."

நமக்குத் தெரியாததா? இலை முத்தலா இருந்தா கணக்கப்பிள்ளை எடை போட மாட்டார். 'தள்ளி நில்லு'ன்னு இதே வார்த்தையத்தான் சொல்லுவார். அத்தனை பேர் பாக்க ஓரமா நிக்கணும். அஸ்வந்தோட அம்மா மரகதமும் இலை பறிச்சவங்கதான். அப்படி நின்னுட்டு வந்த அன்னிக்கெல்லாம் சோறு திங்க மாட்டாங்க. அதைப் பாத்து வளந்தவன்… இலையப் பாக்கவே இல்லீங்க. போ போன்னு கையக் காட்டுனான். அந்தம்மா அவனைப் பாத்தபடியே பின்னால பின்னால நடந்து மிஸ்ட்டுக்குள்ள போயிருச்சு. காலடிச் சத்தமே இல்ல.

ஊட்டுக்கு வந்து அம்மாகிட்டப் படத்தைக் காட்டுனான். வெறும் கொட்டகை. மரகதம்மா ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் எந்திரிச்சு, முந்தானையத் தலையில போட்டுட்டு, செவுத்தோரமா போய் நின்னுக்கிட்டாங்க. உக்காரும்மான்னு கெஞ்சறான். உக்காரல.

அந்தக் கணக்கப்பிள்ளை வார்த்தையத்தான் தானும் சொல்லிட்டோம்னு அப்பத்தான் அவனுக்கு உறைச்சுது. கூனிக் குறுகிப் போயிட்டான். "நல்ல இலைதாம்மா… நல்ல இலைதான்"னு அழுவறான். அவன் முதுகுக்குப் பின்னால சொட்டு… சொட்டுன்னு தரையில தண்ணி விழுது.

மரகதம்மா அவனைப் பாக்கல. அவன் தோளுக்கு அந்தப் பக்கமா பாத்து, மெதுவாச் சொன்னாங்க.

"எங்கிட்ட எதுக்குடா சொல்றே? பையக்கூட இறக்காம உம் பின்னால நிக்கறா. அவகிட்டச் சொல்லு."

அவனால திரும்ப முடியல. பயத்துல இல்லீங்க… வெக்கத்துல. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுத் திரும்புவான்?

விடிய விடிய… மூணு பேரும் நின்னுக்கிட்டே இருந்தாங்க.