பதினான்கு புள்ளி மூன்று ஐந்து

இந்த மேசையின் ஒரு கால் குட்டையாக இருக்கிறது, ஐயா. எழுத உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. நீங்கள் கொடுத்த தாள்களில் ஒன்றை நான்காக மடித்து அடியில் வைத்திருக்கிறேன், இப்போது ஆடவில்லை. ஒரு தாள் குறைகிறதே என்று வாசலில் நிற்கும் காவலர் மேல் பாய வேண்டாம்.

என் தொழில் அப்படி. பியூரெட் என்று ஒன்று உண்டு. கோடு போட்ட நீளமான கண்ணாடிக் குழாய், அடியில் ஒரு திருகு. திருகைத் திறந்து சொட்டுச் சொட்டாகத் திரவத்தை விடுவோம். கீழே குடுவையில் நிறம் மாறியதும் மூடிவிட்டு, குழாயில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று படிப்போம். கண்ணும் கோடும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். நின்ற வாக்கில் பார்த்தால் ஒரு எண் வரும், குனிந்து பார்த்தால் இன்னொன்று வரும். நான் முழங்காலை மடக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் தசமம் வரை படிப்பேன். பல்கலைக்கழகத்தில் எனக்குத் தசமம் என்றே பட்டப்பெயர்.

வேதியியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று அப்பா கேட்டார். முதல் நாள் வகுப்பிலேயே துறைத் தலைவர் ஒரு பட்டியல் வாசித்தார்: மருந்து, சாயம், உரம், சோப்பு, குடிநீர், தடயவியல், ஆராய்ச்சி. வேதியியல் நுழையாத தொழிலே கிடையாது என்றார். வீட்டுக்குப் போய் அதை அப்படியே ஒப்பித்தேன். அப்பாவும் தலையாட்டினார். இந்தத் தொழில்களில் எல்லாம் கூசாமல் பொய் எழுதுகிறவன்தான் மேலே போவான் என்பதைத் துறைத் தலைவர் சொல்லவில்லை.

இறுதி ஆண்டுச் செய்முறைத் தேர்வை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாம் அங்கேதான் தொடங்கியது. விடை இருபது என்று எல்லோருக்கும் தெரியும். முந்தின ஆண்டு மாணவர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஆனால் அன்று அமிலம் போதவில்லை என்று உதவியாளர் ஜாடியில் தண்ணீரை ஊற்றி நிரப்பியிருந்தார். எனக்கு இருபத்திரண்டு புள்ளி ஆறு பூஜ்யம் வந்தது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதேதான். அதையே எழுதினேன். பக்கத்து மேசையில் என் நண்பன் ஒரு சொட்டுக்கூடத் திறந்து பார்க்காமல், இருபதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அளவுகளைச் சமைத்து எழுதினான். அதற்கு எங்கள் துறையில் 'சமைக்கிறது' என்றுதான் பெயர். ஐம்பதுக்கு அவனுக்கு நாற்பத்தெட்டு. எனக்கு முப்பத்தொன்று.

தேர்வாளரிடம் போய்க் கேட்டேன். அவர் என் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"ஏம்பா, கண்ணுல ஏதாவது கோளாறா? டாக்டர்கிட்ட காட்டு."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

ஆராய்ச்சிப் படிப்புக்கு ஓர் இடம்தான் இருந்தது. எல்லாத் தாள்களையும் கூட்டிப் பார்த்ததில் ஒன்பது மதிப்பெண்ணில் அது எனக்குத் தவறியது, நாற்பத்தெட்டுக்குப் போனது. அன்று முதல் என் மனதில் அவனுக்கு அதுதான் பெயர். இரண்டே ஆண்டில் ஆராய்ச்சி சலித்துவிட்டது என்று விட்டுவிட்டு ஒரு மருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்தான். நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். கழிப்பறை கழுவும் திரவத்தை வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றேன். பதினைந்து ஆண்டுகள் இப்படியே ஓடின. ஒரு நாள் அவன் வீட்டு வாசலிலேயே போய் நின்றேன். நாற்பத்தெட்டு அப்போது தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைவன். என் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தான்.

"டேய் தசமம், நீ போய் இதைச் சுமந்துக்கிட்டு அலையுறியே. திங்கக்கிழமை என் லேபுக்கு வா."

அவன் அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தார். படிக்கிற காலத்தில் மகனுக்குச் சாப்பாடு கட்டும்போதே எனக்கும் ஒரு டப்பா கட்டிக் கொடுத்தனுப்பியவர். "இப்பவாவது ரெண்டு பேரும் ஒண்ணா இருங்கடா" என்றார். நன்றி மறந்தவன் நான் இல்லை, ஐயா. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பதினோரு ஆண்டுகள் அவனுக்குக் கீழே வேலை பார்த்தேன். கண் அறுவையின்போது கண்ணைக் கழுவும் திரவம்தான் எங்கள் சரக்கு. ஒரே தொட்டியில் ஒரே தடவையில் தயாராகும் ஒவ்வொரு தொகுதியும் வெளியே போகும் முன் அதில் காரம் எவ்வளவு என்று நான் பார்க்க வேண்டும். அளவு ஒன்பது புள்ளி எட்டுக்கும் பத்து புள்ளி இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். சில நாள் பத்து புள்ளி இரண்டு ஐந்து வரும். நான் தேறவில்லை என்று எழுதுவேன். நாற்பத்தெட்டு வந்து என் தோளில் கை போட்டுக்கொண்டு, என் எண்ணை அடித்துவிட்டுப் பக்கத்தில் பத்து என்று எழுதுவான். "அரைச் சொட்டுக்காக லாரியை நிறுத்த முடியுமாடா?" என்பான். புதிதாகச் சேர்ந்த பெண்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அடிக்கப்பட்ட ஒவ்வொரு எண்ணையும் நான் என் சொந்த நோட்டில் குறித்துக்கொண்டேன். மொத்தம் இருநூற்றுப் பதினாறு.

ஒரு நாள் குட்டு வெளிப்படும் என்று காத்திருந்தேன். வெளிப்படவே இல்லை. அவன் அடித்து எழுதிய சரக்கால் யாருக்கும் கண் சிவக்கக்கூட இல்லை. அவனுக்குப் பதவி உயர்வு வந்தது, விருது வந்தது, மேடையில் மாலை விழுந்தது. பதினோரு ஆண்டுகள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. இதை மறைத்து எழுதினால் இந்த வாக்குமூலத்துக்கு மரியாதை இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். புதுத் தொகுதி வந்தது. பத்தைத் தாண்டியும் நிறம் மாறவில்லை. பன்னிரண்டிலும் மாறவில்லை. பதினான்கு புள்ளி மூன்று ஐந்தில்தான் மாறியது. தொட்டியைக் காரம் போட்டுக் கழுவியவர்கள் சரியாக அலசாமல் விட்டிருக்கிறார்கள் என்று உடனே புரிந்துவிட்டது. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அதேதான். இது அரைச் சொட்டு விவகாரம் இல்லை. இந்தத் திரவம் கண்ணுக்குள் போனால் என்ன ஆகும் என்பது இரண்டாம் ஆண்டு மாணவனுக்கே தெரியும்.

பதிவேட்டில் தேறவில்லை என்று எழுதப் பேனாவை எடுத்தேன். அதற்குள் நாற்பத்தெட்டு உள்ளே வந்தான். தோளில் கை போடவில்லை. எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை கண் ஆபரேஷன்டா. அந்த ஆஸ்பத்திரிக்கு இந்தச் சரக்குதான் போகுது. உள்ளதை உள்ளபடி எழுது. சரியில்லைன்னா ஒரு வார்த்தை சொல்லு, மொத்தத்தையும் சாக்கடையில கொட்டச் சொல்லிடுறேன். யார் கத்தினாலும் நான் பாத்துக்கிறேன்."

அவன் குரல் நடுங்கியது. என்னால் அதைத் தாங்கவே முடியவில்லை, ஐயா. இருநூற்றுப் பதினாறு முறை ஊரார் கண்ணுக்குப் போனபோது தசமம் என்றால் அவனுக்குக் கேலி. சொந்த அம்மாவுக்கு என்றதும் தசமம் வேண்டியிருக்கிறது. மற்றவர்களுக்கெல்லாம் அம்மா இல்லையா? எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. ஆனால் கை ஆடவில்லை. பதிவேட்டைத் திருப்பி அவன் முன்னாலேயே எழுதினேன். பத்து புள்ளி பூஜ்யம் பூஜ்யம். தேறியது.

"நிஜமா?" என்றான்.

"நிஜமாத்தான்."

"உன் கண்ணை நம்பாம நான் யார் கண்ணைடா நம்பப்போறேன்?"

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனான். சரிபார்க்கவில்லை. இரண்டாவது ஆளை வைத்து மறுபடி சோதிக்க வேண்டும் என்ற விதியை அவனே என்றைக்கோ எடுத்துவிட்டிருந்தான். நான் பியூரெட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். என் நோட்டில் சரியான எண்ணைத் தேதியோடு எழுதினேன். வெள்ளிக்கிழமை வரை மூன்று நாள் இருந்தது. தொலைபேசி என் மேசை மேலேயே இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பத்தொன்பது பேருக்குக் கண் போனது. அவன் அம்மாவையும் சேர்த்து. மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தேன். கட்டுப் போட்ட முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"யாரு, தசமமா? செருப்புச் சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சிட்டேன் பாரு." என் கையைத் தடவித் தேடிப் பிடித்துக்கொண்டார். "என் பையன் மேல தப்பு இருக்காதுல்லப்பா?"

"ரிப்போர்ட்ல அவன் கையெழுத்துதாம்மா இருக்கு" என்றேன். பொய் சொல்லவில்லை.

அவர் என் கையை விடவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டார்.

உங்கள் விசாரணைக் குழு வந்தபோது பழைய பதிவேடுகளில் அவன் அடித்து எழுதிய பக்கங்களுக்கெல்லாம் அடையாளம் வைத்துக் கொடுத்தவன் நான்தான். அவனைக் கைது செய்தார்கள். என்னைப் பற்றி, 'எல்லாம் நான் பழக்கிவிட்ட பழக்கம், அவனை விட்டுவிடுங்கள்' என்று மட்டும் சொன்னானாம். இப்போதும் பெரிய மனிதன் அவன்தான். என்னை எச்சரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். இந்த அறைக்கு என்னை யாரும் இழுத்து வரவில்லை.

நேற்று காலை அறிக்கையின் நகல் தபாலில் வந்தது. நாற்பத்தோராம் பக்கம், கடைசிப் பத்தி. 'பரிசோதகரின் வயது காரணமான பார்வைக் குறைவால் அளவு தவறாகப் படிக்கப்பட்டிருக்கலாம்' என்று போட்டிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் வந்தேன். என் நோட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்: பதினான்கு புள்ளி மூன்று ஐந்து. உங்கள் குழு எடுத்துவைத்த புட்டியை எந்த ஆய்வகத்துக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள். இரண்டாம் தசமம்கூட மாறாது. நான் தெரிந்தே எழுதினேன், தெரிந்தே அனுப்பினேன். தூக்கில் போடுவதென்றாலும் போடுங்கள். அந்த ஒரு வரியை மட்டும் அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள். என் கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை.