மணி போட்டிருந்த வெள்ளைச் சட்டை

பேருந்துப் பயணச்சீட்டின் பின்புறம் நான் எழுதிவைத்த குறிப்பு: "செவ்வாய், தாராபுரம்–கோவை. முன்னிருக்கையில் இரண்டு பெண்கள்."

"எங்க மணி இப்ப ஊட்டுக்காரரு வெள்ளைச் சட்டையிலதான் இருக்குதுங்க அக்கா," என்றார் இளையவர்.

"நாய்க்கு எதுக்கு அம்மணி சட்டை?"

"விலாவுல புண்ணு சீழ் வெச்சுப்போச்சுங்க. மருந்து போடப்போட நக்கிப்போடுது. நக்க உட்டா ஆறாதுன்னுட்டாரு டாக்டரு."

"இப்பத் தேவலையா?"

"காஞ்சுட்டு வருதுங்க. ஆனா நேத்து கல்யாணத்துக்கு அழைக்க வந்தவங்க, கட்டில்ல போர்வைக்குள்ள சட்டை மட்டும் தெரிய அது திரும்பிப் படுத்திருந்ததைப் பார்த்துப்போட்டு, 'மாமா, குடும்பத்தோட வந்துருங்க'ன்னு பத்திரிகைய வெச்சுட்டுப் போயிட்டாங்க."

"உங்க ஊட்டுக்காரரு?"

"கோவிச்சுட்டாருங்க. அந்தச் சட்டைய இனித் தொடமாட்டாராமா."

சிங்காநல்லூரில் இளையவர் இறங்கினார். அவருடைய ஜவுளிக்கடைப் பையில் புது வெள்ளைச் சட்டை ஒன்று தெரிந்தது. அது கணவருக்கா, மணிக்கா என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.