யாரு யாரைக் கூட்டிட்டுப் போறது?

ஹலோ... ஆமாங்க முதலாளி, மோகன்ராஜ்தானுங்க... இல்லீங்க, எனக்கு ஒண்ணுமில்லீங்க... வாட்ச்மேன் பாத்தது நெசந்தானுங்க, லின் சாரு என்னைத் தோளோட அணைச்சுத்தான் ஆட்டோவுல ஏத்துனாரு. ஆனா காய்ச்சல் அவருக்குங்க!

ஆமாங்க, ஆமாங்க... மெஷின் மாட்ட வந்த நம்ம சீனாக்காரருக்குத்தான்... நூத்திமூணுங்க. ட்ரிப்ஸ் ஏறுது. பயப்பட வேண்டாமுன்னு டாக்டர் சொல்லிட்டாரு...

அதுங்களா... எல்லாம் என்னோட சீனப் புலமை பண்ணுன வேலைங்க. கோயமுத்தூருக்கு அனுப்பிப் படிக்க வெச்சீங்கள்ல... சிரிக்காதீங்க.

காத்தால ரூமுக்குப் போனா மனுசன் போர்வைக்குள்ள நடுங்கறாரு. 'உங்களை நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்'னு சொல்லோணும். 'நீ தாய் வோ ச்சூ யீயுவான்'னு சொன்னேன்... ஆமாங்க, சீனத்துலயும் 'நீ'ன்னா நீதான்! 'வோ'ன்னா நான். 'தாய்'னா கூட்டிட்டுப் போறது, 'ச்சூ யீயுவான்'னா ஆஸ்பத்திரிக்கு... சரியாத்தான் இருக்குன்னு நானும் நெனச்சனுங்க.

நம்மளுக்கு 'உங்களை நான்'னாலும் 'நான் உங்களை'ன்னாலும் ஒண்ணுதானுங்களே? அந்த 'ஐ' காப்பாத்திரும். அங்க 'ஐ'யே கெடையாதுங்க. முன்னால நிக்கறவன்தான் கூட்டிட்டுப் போறவன்... வினைச்சொல்லை நடுவுல வெக்கப் பழகிட்ட பெருமையில மிச்சத்தைக் கோட்டை உட்டுட்டேன்... ஆமாங்க, மெத்தப் படிச்ச மூஞ்சூறு கழனிப்பானையில உழுந்தாப்புலதான்.

'என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ'ன்னு கேட்டிருக்கறனுங்க. அதும் அழுகற மூஞ்சியோட. மனுசன் போர்வையைத் தூக்கி வீசிட்டு எந்திரிச்சுட்டாரு... சொன்னேனுங்க! 'எனக்கில்ல, உங்களுக்கு'ன்னு சொல்லப் போயி இன்னும் என்ன ஒளறினனோ, கையை இறுக்கிப் புடிச்சுட்டாரு. எப்படியோ போற எடம் ஒண்ணுதானேன்னு நானும் ஏறிட்டேன். வழியெல்லாம் கொதிக்கற கையை என்ற நெத்தியில வெச்சு வெச்சுப் பாத்தாருங்க... நர்ஸம்மா ஊசியோட கிட்டப் போனா, மொதல்ல இவனுக்குப் போடுன்னு என்னைக் காட்டறாரு!

என்னங்க?... இப்பவே திரும்பி வரோணுங்களா?... தெரியுமுங்க, மெஷின் பாதியில நிக்குது. ஆர்டரும் நிக்குது...

இல்லீங்க... நான் வரலீங்க... கோவிச்சுக்காதீங்க. வேற ஆளை அனுப்புனா அவருகிட்டத் தண்ணி வேணுமான்னு கேக்கக்கூடத் தெரியாதுங்களே... அது மட்டுமில்லீங்க முதலாளி. நிக்கவே முடியாத மனுசன், எனக்கு முடியலைன்னு நெனச்சு செருப்பு கூடப் போடாம வந்தாருங்க. அவரை ஒத்தையில உட்டுட்டு நான் எப்படிங்க...

என்னங்க முதலாளி?... நான் இங்கயே இருக்கட்டுங்களா?

...சரிங்க... சரிங்க... கஞ்சி குடிப்பாருங்க, அரிசிக் கஞ்சின்னா அவிங்களுக்கும் பழக்கந்தான்... டிரைவர்கிட்டக் குடுத்து உட்டாப் போதுங்க... நீங்களே கொண்டு வர்றீங்களா?... மாடியிலங்க, சன்னலோரக் கட்டில்... ஐயையோ, என்னைப் படுக்க வெக்கோணும்னு ட்ரிப்ஸைப் புடுங்கீட்டு எந்திரிக்கறாருங்க... போனை வெச்சர்றனுங்க!